மாதவிலக்கும் மருந்துப் பொட்டலமும்

நெகிரி செம்பிலானில் தோட்டப்புறக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. சம்பளத்துக்கு மறுநாள் மாலை, ஆள் நெரிசல் குறைந்த வேளை பார்த்து ஒரு பெண் கடைக்கு வருவாள். அரிசியும் சீனியும் கருவாடும் வாங்கிய பின்னும் நகராமல் நிற்பாள். வேறு ஆண்கள் இருந்தால் பேசாமல் திரும்பிவிடுவாள். இல்லையெனில் குரலைத் தாழ்த்தி, "பாய், பொம்பள மருந்து இருக்கா?" என்பாள். நாமும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பின் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுப்போம். அவளுக்கு என்ன நோய் என்று நாம் கேட்பதில்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று அவளும் கேட்பதில்லை. காசு கைமாறுவதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

முடியாமற்போன ஒரு காரியத்தை நாம் அறிவோம். பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் உரம் போடும் வேலை செய்துவந்த ஒரு விதவை, இடுப்புவலிக்கும் கைகால் உளைச்சலுக்கும் என்று நம்மவர் கடை ஒன்றில் வாரந்தோறும் ஒரு மூலிகைத் தூள் வாங்கிவந்தாள். வலி மாயம்போல் நின்றது. சில மாதத்தில் அவள் முகம் உருண்டு ஊதிற்று, வயிறு பருத்தது, மாதவிலக்கும் நின்றுபோயிற்று. புருஷன் இல்லாதவளுக்கு இவை மூன்றும் ஒருசேர வந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. அவள் மகன் தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கடைசியில் மருத்துவமனையில் டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றே: "என்ன மருந்து சாப்பிடுகிறாய்?" அவள் முந்தானையிலிருந்து எடுத்துக் காட்டியது நம்மவர் கடைப் பொட்டலம்!

இக்கட்டுரை அந்தப் பொட்டலத்தின் பொருட்டே எழுதப்படுகிறது. "இதையெல்லாம் நம் இதழில் எழுதுவதா?" என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கலாம். அவர்களே சிறுவயதில் மதரஸாவில் ஃபிக்ஹு நூலை ஓதியபோது ஹைளுடைய பாடத்தைத் தாண்டிக் குதித்துச் செல்லவில்லை. மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக்கிக் கொள்ளாதவர்கள் என்று அன்சாரி மாதரை ஹழ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். பெண்கள் வெட்கப்படாமல் கேட்டார்கள். ஆண்களாகிய நாம் கேட்கவும் கூசுகிறோம்.

முதலில் நாம் அறிந்த எல்லைகளை நினைவுபடுத்திக் கொள்வோம். ஷாஃபியீ மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு ஓர் இரவும் பகலும். அதிக அளவு 15 நாள். பெரும்பாலோருக்கு ஆறு அல்லது ஏழு நாள். ஹனஃபீ மத்ஹபில் குறைந்தது மூன்று நாள், அதிகம் பத்து நாள். இரண்டு ஹைளுக்கு நடுவே குறைந்தது 15 நாள் சுத்தம் இருத்தல் வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்றே. இவ்வெல்லைகளுக்கு வெளியே காணும் உதிரம் ஹைளு அன்று, அது இஸ்திஹாளா. ஃபாத்திமா பின்து அபீ ஹுபைஷ் (ரலி) என்னும் அம்மையார் தமக்கு உதிரம் நிற்பதேயில்லை என்று முறையிட்டபோது, அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைளு அன்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். இயற்கையான உதிரம் வேறு, நோயின் உதிரம் வேறு என்னும் பாகுபாடு நமக்கு ஆயிரத்து நானூறு ஆண்டாகப் பாடம். ஆனால் தொழுகைக்கு என்ன சட்டம் என்பதோடு அப்பாடத்தை மூடிவிடுகிறோம். நோய் என்று தெரிந்தபின் அதற்கு வைத்தியம் என்ன என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் வரவில்லை.

இனி இந்த உதிரம் ஏன் மாதந்தோறும் வருகிறது என்று பார்ப்போம். கருப்பையில் அழுக்கு சேர்வதாகவும், அது வெளியேறுவதாகவும் எண்ணுவோர் இன்றும் உளர். அது தவறு. பிள்ளை தங்குவதற்காக ஒவ்வொரு மாதமும் விரிக்கப்படும் மெத்தையே அது. விருந்தாளி வராவிட்டால் மெத்தை சுருட்டப்படுகிறது, அவ்வளவுதான். வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி லிட்டர். சிறிய காப்பிக் கோப்பையில் பாதிக்கும் குறைவு. 80 மில்லிக்கு மேற்போனால் டாக்டர்கள் அதை மிகுதி என்பர்.

மெத்தையை விரிக்கவும் சுருட்டவும் உத்தரவு கொடுப்பவையே ஹார்மோன்கள். ஒரு சுரப்பியில் ஊறி, இரத்தத்தில் கலந்து, தூரத்திலுள்ள வேறோர் உறுப்புக்குச் செய்தி கொண்டுபோகும் பொருளுக்கு அப்பெயர். 1905-ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் இட்டது. தோட்டத்தில் நாம் காணும் ஏற்பாட்டையே உவமையாகச் சொல்லலாம். மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. அது கம்பெனியின் தலைமைக் காரியாலயம். அங்கிருந்து மணிக்கொரு தடவை, ஒன்றரை மணிக்கொரு தடவை என்று துடிப்புத் துடிப்பாக உத்தரவு கிளம்புகிறது. அதைப் பெறுவது அடியிலேயே தொங்கும், பயறளவேயான பிட்யூட்டரி சுரப்பி. இது தோட்டத்து மானேஜர். மானேஜர் இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறார். ஒன்று, கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளில் முட்டையை வளர்க்கச் சொல்வது, எப்.எஸ்.எச். என்பர். மற்றொன்று, வளர்ந்த முட்டையை வெளியே விடச் சொல்வது, எல்.எச். என்பர்.

வேலையாட்களான சினைப்பைகளும் சும்மா இருப்பதில்லை. முட்டை வளர வளர அவை எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அதுவே கருப்பையின் மெத்தையைத் தடிப்பாக்குகிறது. எஸ்ட்ரோஜன் ஏறி இரண்டு நாளளவு உயர்ந்தே நின்றால், மேலே மானேஜருக்கு அது செய்தியாகப் போய், எல்.எச். ஒரே வீச்சில் பொங்கி எழுகிறது. அதன்பின் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது. முட்டை இருந்த காலிக்கூடு மஞ்சள் நிறமான ஒரு சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டெரோன் என்னும் மற்றொரு ஹார்மோனைத் தருகிறது. இது மெத்தையைப் பதமாக்கிக் கட்டிக் காப்பது. உடல் சூட்டையும் சற்றே ஏற்றுவது. கரு தங்கினால், கருவே ஒரு ஹார்மோனை அனுப்பி அந்த மஞ்சள் சுரப்பியை வாழவைக்கிறது. கருவுற்றதை அறியச் சிறுநீரில் நனைக்கும் குச்சி காட்டுவது அந்தக் கருவின் ஹார்மோனையே. கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் மஞ்சள் சுரப்பி வாடிவிடும். புரோஜெஸ்டெரோன் விழும், மெத்தை சரியும், உதிரம் வரும்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. முட்டை வெளிப்பட்ட பிந்திய பாதி, ஏறக்குறைய எல்லாருக்கும் 14 நாள். முந்திய பாதியே நீளும், குறுகும். கடுங்காய்ச்சல், மனக்கவலை, உடல் மிக மெலிதல், மிகப் பருத்தல், பால் கொடுத்தல் இவை யாவும் தலைமைக் காரியாலயத்தின் துடிப்பைக் குழப்புகின்றன, முட்டை வெளிப்படுவது தள்ளிப்போகிறது, விலக்கும் தள்ளிப்போகிறது. எனவே 28 நாள் என்பது வெறும் சராசரி. 24 முதல் 38 நாள் வரை எது வந்தாலும் இயல்பே. மருமகளுக்கு இரண்டு நாள் தள்ளிற்று என்று இனிப்பு வாங்கும் மாமியாரும், மகளுக்கு ஐந்து நாள் தள்ளிற்று என்று சந்தேகப்படும் தகப்பனாரும் இதைத் தெரிந்துகொள்வது நலம்.

முட்டையே வெளிப்படாத மாதங்களும் உண்டு. பருவமடைந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும், நாற்பதைத் தாண்டிய பின்னும் இது சாதாரணம். அப்போது மஞ்சள் சுரப்பி இல்லை. ஆகவே புரோஜெஸ்டெரோனும் இல்லை. எஸ்ட்ரோஜன் மட்டும் மெத்தையைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும். கட்டிக் காப்பார் இல்லாமல் அது துண்டு துண்டாய் உதிரும். வாரக்கணக்கில் உதிரம் நிற்காதிருப்பதற்கு இது ஒரு பெருங்காரணம். ஃபிக்ஹு நூலில் இஸ்திஹாளா என்று நாம் ஓதியதில் ஒரு பங்கு இதுவே. கருப்பையில் தசைக்கட்டி, தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, சில வேளை புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம். எது என்பதைச் சோதனையால் அன்றிச் சொல்ல முடியாது. கடையில் நின்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். தோட்டத்து மாதர் கேட்பவை இரண்டு வகை: நின்றதை வரவழைப்பது, வலியைப் போக்குவது. நம் அலமாரியில் நெடுங்காலமாக இருப்பவை வெந்தயம், எள், பெருங்காயம், கருஞ்சீரகம். இவற்றை உணவாக உண்பதில் குற்றமில்லை. வெந்தயத்தில் ஹார்மோனே இருக்கிறது என்று இப்போது சிலர் விளம்பரம் செய்கின்றனர். இதன் பின்னே சுவையான ஒரு கதை உண்டு. வியாபாரிகளாகிய நமக்கு அது பிடிக்கும்.

1940-களின் தொடக்கத்தில் புரோஜெஸ்டெரோன் தங்கத்தைவிட விலை மிகுந்த பொருள்; விலங்குகளின் உறுப்புகளிலிருந்து துளித் துளியாக எடுக்க வேண்டியிருந்தது. ரசல் மார்க்கர் என்னும் அமெரிக்க ரசாயன அறிஞர், மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கு வகை ஒன்றில் டயோஸ்ஜெனின் என்னும் பொருள் நிறைந்திருப்பதையும், அதைப் படிப்படியாக மாற்றிப் புரோஜெஸ்டெரோன் ஆக்கலாம் என்பதையும் கண்டார். பெரிய கம்பெனிகள் அவரை நம்பவில்லை. அவர் மெக்சிகோவுக்கே போய்க் கிழங்கைச் சேகரித்து, செய்த மருந்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு சிறு மருந்துக் கம்பெனியின் வாசலில் நின்றார் என்பர். அப்போது அது கிராம் 80 டாலர் அளவுக்கு விற்ற சரக்கு! 1944-இல் அவர்கள் கூட்டாகத் தொடங்கியதே சின்டெக்ஸ் கம்பெனி. 1951-இல் அதே கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், மிராமொன்டெஸ் என்னும் மெக்சிகோ இளைஞர் நோரெதிஸ்டெரோன் என்னும் மருந்தை உருவாக்கினார். டயோஸ்ஜெனின் வெந்தயத்திலும் உண்டு என்பது மெய்யே. ஆனால் அதை ஹார்மோனாக மாற்றும் வேலையை ரசாயனக் கூடம் செய்யும். மனித உடல் செய்யாது. ஆகவே வெந்தயத்தை வெந்தயமாகவே விற்போமாக.

அந்த நோரெதிஸ்டெரோன் மாத்திரை நம் வீடுகளுக்கு அந்நியம் அன்று. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகும் பெண்கள் விலக்கைத் தள்ளிவைக்கச் சாப்பிடுவது அதுவே. அது புரோஜெஸ்டெரோன் போல வேலை செய்வதால், உட்கொள்ளும்வரை மெத்தை சரியாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். எதிர்பார்த்த நாளுக்குச் சுமார் மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். உதிரம் கண்டபின் விழுங்குவதில் பயனில்லை. கேடு விளையாதெனில் இதற்கு இடமுண்டு என்பது உலமாக்கள் பலர் கருத்து. கேடு விளையுமா என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள், ஈரல் நோயாளிகள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டு ஹாஜியார் மனைவி கொண்டுவந்த மிச்ச மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது நம்மிடையே சர்வசாதாரணமாக நடக்கிறது! ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்கே ஹஜ்ஜுப் பயணத்தில் ஸரிஃப் என்னும் இடத்தில் விலக்கு வந்தது. அழுத அவர்களை நாயகம் (ஸல்) தேற்றி, தவாஃப் ஒன்று நீங்கலாக ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய்யச் சொன்னார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாத சகோதரிக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

ஆபத்தான சரக்கு வேறு. அந்த விதவை வாங்கிய தூள் போன்ற, பெயர் மட்டும் மூலிகையாக இருக்கும் ஜாமுப் பொட்டலங்களும் மாத்திரைகளுமே அவை. இத்தகைய பதிவில்லாச் சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. அது வலியை உடனே அடக்கும், பசியைத் தூண்டும். நாளாக ஆக முகத்தை நிலவுபோல் உருட்டும். வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். நாம் மேலே சொன்ன தலைமைக் காரியாலயத்தின் துடிப்பையும் அடக்கும். விலக்கு தவறும், நிற்கும். திடீரென நிறுத்தினாலோ உடல் தன் சொந்தச் சுரப்பை மறந்திருப்பதால் மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். டாக்டரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். எனவே இதைப் படித்த உடனே நம் கடையிலிருந்து அச்சரக்கை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. மாதக்கணக்கில் வாங்கியவர்களைக் கூப்பிட்டு, பொட்டலத்தோடு மருத்துவமனைக்குப் போகச் சொல்லவும் வேண்டும். வாடிக்கையாளர் யாரென்று நமக்குத் தெரியாதா? கடன் கணக்கில் பெயர் இருக்கிறதே!

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். மருந்து என்று விற்கும் எதற்கும், மூலிகையாயினும், 1984-ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு வேண்டும். உறையின்மேல் எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளும் எட்டு இலக்கங்களும் இருக்கும். பாரம்பரிய மருந்தாயின் இறுதியில் டி என்னும் எழுத்து வரும். ஹாலோகிராம் ஒட்டும் இருக்கும். எண்ணையும் போலியாக அச்சிடுகிறார்கள். ஆகவே அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துப் பதிவேட்டில் கைப்பேசி வழியே சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவில்லாததை விற்றால் முதல் குற்றத்துக்குத் தனிநபருக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வேனில் கொண்டுவந்து, விற்றபின் காசு தரலாம் என்று இறக்கிவிட்டுப் போகும் ஆசாமியிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். அவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

தோட்டத்துப் பெண்ணின் வலியும் சோர்வும் பொய்யன்று என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. முன்னர் பால்மரக் காட்டில் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவள், இன்று செம்பனைக் காட்டில் உரமூட்டை சுமக்கிறாள், உதிரிப்பழம் பொறுக்குகிறாள், களைக்கு மருந்து அடிக்கிறாள். காட்டில் கழிப்பிடம் ஏது? துணி மாற்ற மறைவிடம் ஏது? காலையில் வைத்ததை மாலைவரை வைத்திருக்கிறாள். இந்தோனேசியாவின் 2003-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், விலக்கின் முதல் இரண்டு நாள் வலியால் வேலை செய்ய முடியாத பெண்ணுக்கு வேலையிலிருந்து விலக்கு அளிக்கிறது. அங்கிருந்து வந்தவள் இங்கே அதைக் கேட்க முடியாது, நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. ஒவ்வொரு விலக்கிலும் சுமார் 15 முதல் 20 மில்லி கிராம் இரும்புச்சத்து போகிறது. உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வதோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லி கிராம். சோற்றோடு கடுந்தேநீரும் குடித்தால் அதிலும் குறையும். உதிரம் மிகுதியாய்ப் போகிறவளுக்கு இரத்தசோகை வராமல் என்ன செய்யும்? அவள் வந்து, "கைகால் அசருது பாய்" என்று சொல்லும்போது அவள் கேட்பது பெரும்பாலும் இந்த இரும்பையே. வலிமருந்துத் தூள் அதைத் தராது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். இரத்தம் சோதித்து இரும்பு மாத்திரையும் கொடுப்பார்கள். வெளிநாட்டுப் பெண்ணுக்குக் கட்டணம் பல மடங்கு. அவள் நம் கடைக்கே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

யாரைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் முதலாக எல்லாரும் அறியட்டும். எட்டு நாளுக்கு மேல் உதிரம் நிற்காதவள். மணிக்கொரு துணி மாற்றும்படி போகிறவள். மூன்று மாதம் வராதவள். இரண்டு விலக்குக்கு நடுவிலோ கணவனோடு கூடிய பின்னோ உதிரம் காண்பவள். 15 வயதாகியும் பருவமடையாத பெண். நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் வந்தால், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்; அன்றிரவே சிரம்பானுக்கோ கோலாப் பிலாவுக்கோ போர்ட்டிக்சனுக்கோ எது அருகோ அங்கே காரில் ஏற்றிச் செல்லுங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். விலக்கு நின்று ஓராண்டு கழிந்த மூதாட்டிக்கு மறுபடி உதிரம் கண்டால், "மறுபடி ஹைளு வந்துவிட்டது" என்று தொழுகையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சட்டம் என்ன என்பதை ஹஜ்ரத்திடம் கேட்கட்டும். அதே வாரம் டாக்டரிடமும் போகட்டும். கருப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளம் அதுவாக இருக்கலாம். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தக்கூடியது.

இவை எதற்கும் கணக்கு வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது, "கடைசியாக எந்தத் தேதியில் வந்தது?" என்பதே. ஹஜ்ரத்தும் இஸ்திஹாளாவுக்குச் சட்டம் சொல்ல, முந்திய மாதங்களின் வழக்கத்தையே கேட்பார். தலாக் ஆனவளின் இத்தாவும் ஷாஃபியீயில் மூன்று சுத்தத்தாலும் ஹனஃபீயில் மூன்று ஹைளாலும் எண்ணப்படுவது. நம் பெண்களில் எத்தனை பேரிடம் தேதி எழுதி இருக்கிறது?

நம் கடைகள் ஆண்டுதோறும் காலண்டர் அச்சிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கின்றன. பிறையும் தமிழ்த் தேதியும் பள்ளி விடுமுறையும் அதில் உண்டு. வரும் ஆண்டுக் காலண்டரில் ஒவ்வொரு மாதத்தாளின் அடியிலும் தலைப்பில்லாத இரண்டு சிறு கட்டங்கள் விடலாம் என்பது நம் யோசனை. ஒன்றில் தொடங்கிய தேதி, ஒன்றில் நின்ற தேதி. எதற்கென்று அச்சிட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்கள் கடைக்கு வரும் பெண்களிடம் வாயால் சொல்லிவிடுவார்கள். அச்சகத்துக்கு அக்டோபருக்குள் சொல்லிவிட்டால் கூடுதல் செலவு இராது.